இரு கைகளும் ஒரு பாலமும்



இன்றைய பேச்சு உங்கள் கைகளைப் பற்றியது. ஆகையால், வானொலியைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறவர்கள் சற்று நேரம் கத்தியைக் கீழே வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கைகளையும் மேசையின்மேல் வையுங்கள். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, ஆட்காட்டி விரல்களை மட்டும் முன்னால் நீட்டுங்கள். காரின் முன்கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் இரண்டு துடைப்பான்களைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? இரண்டும் சேர்ந்தாற்போல் வலப்பக்கம் போகும். பிறகு இரண்டும் சேர்ந்தாற்போல் இடப்பக்கம் வரும். உங்கள் விரல்களையும் அப்படியே ஆட்டுங்கள். மெதுவாகச் செய்தால் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது வேகத்தைக் கூட்டுங்கள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். உங்களால் முடிந்த அளவு வேகமாக.

என்ன நடந்தது? பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே தாளத்தை மாற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே பக்கம் போவதை விட்டுவிட்டு, இரண்டும் உள்நோக்கி, பிறகு இரண்டும் வெளிநோக்கி என்று, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் போல அசைய ஆரம்பித்திருக்கும். நீங்கள் அப்படி மாற்றவில்லை. அது தானாக நேர்ந்தது. மறுபடி மெதுவாகச் செய்தாலும், முன்பு போல் ஒரே பக்கமாக அசைக்க வேண்டுமென்று நினைத்தால்தான் விரல்கள் கேட்கும். ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1984ஆம் ஆண்டில் இதை அளந்து வெளியிட்டார். பிம்பம் போல ஆட்டத் தொடங்கியவர்கள் எத்தனை வேகமாக ஆட்டினாலும் பிம்பமாகவே ஆட்டுவார்கள். மாற்றம் ஒரு திசையில்தான் நடக்கிறது.

நமது இரு கைகளும் தனித்தனி வேலைக்காரர்கள் அல்லர் என்பதற்கு இது கைமேல் கிடைத்த சான்று. ஒரு கைக்கு நாம் இடும் கட்டளை மறு கையையும் எப்படியோ எட்டிவிடுகிறது. வழியில் யாரோ அதைத் தடுக்க வேண்டியிருக்கிறது. யார் தடுக்கிறார்கள், எங்கே, எவ்வளவு நேரத்தில் என்பதையெல்லாம் கடந்த நாற்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் மிக நுட்பமாகக் கண்டறிந்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் இருந்த என் பெரியம்மாவுக்கு 2016ஆம் ஆண்டில் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறிற்று; கை தேறவில்லை. அவர் நாற்பது வருடங்களாகப் பூக்கட்டியவர். நாரின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, இடக்கையில் மல்லிகையை இணை இணையாக வைத்து, வலக்கையால் சுழற்றிச் சுழற்றி முடிச்சுப் போடுவார். முடிச்சுப் போடும் விரல் நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். அந்தக் கை மடியில் கிடந்தது. ஆறு மாதம் கழித்து அவருடைய மகன் எனக்குத் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணே, நல்லா இருக்கிற பக்கத்து மூளையைக் காந்தத்தால அடக்கி வச்சா, கெட்டுப்போன பக்கம் எழுந்திருக்குமாமே, உண்மையா?" அவனுக்கு அப்போது சரியான விடை சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கேள்விக்குள் எத்தனை ஆண்டு ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில், எல்லாருக்கும் தெரிந்ததை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். நம் பெருமூளை, வாதுமைப் பருப்பைப் போல இரண்டு பாதிகளாக இருக்கிறது. இடப் பாதி வலக்கையை ஆளுகிறது. வலப் பாதி இடக்கையை ஆளுகிறது. மூளையிலிருந்து இறங்கும் நரம்பு நார்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து முதல் தொண்ணூறு வரை, கழுத்துக்குச் சற்று மேலே, முகுளம் என்னும் பகுதியில் மறுபுறத்துக்குத் தாண்டிவிடுகின்றன. பெரியம்மாவுக்கு இடப்பக்க மூளையில் அடைப்பு ஏற்பட்டதால் வலக்கை விழுந்தது என்பதும் இதனால்தான்.

இவ்விரு பாதிகளையும் இணைக்க ஒரு பாலம் இருக்கிறது. மருத்துவர்கள் அதைக் கார்ப்பஸ் கலோசம் என்பார்கள். ஏறத்தாழ இருபது கோடி நரம்பு நார்கள் கொண்ட வெண்ணிறப் பட்டை அது. மூளைக்குள் இதைவிடப் பெரிய நார்க்கற்றை வேறு இல்லை. இருந்தும், இதன் வேலை என்ன என்பது நெடுங்காலம் ஒருவருக்கும் விளங்கவில்லை. கடுமையான காக்காய் வலிப்பு உள்ளவர்களுக்கு, வலிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவாமல் இருக்க இந்தப் பாலத்தை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை 1939இல் அமெரிக்காவில் தொடங்கியது. வெட்டிய பிறகும் அவர்கள் நடந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள்.

ஆனால் கூர்ந்து பார்த்தவர்களுக்கு வேறு சில காட்சிகளும் கிடைத்தன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நோயாளிகளின் இரு கைகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒரு கை செய்ததை மறு கை கலைத்தது. ஒரு கை கதவைத் திறந்தால் மறு கை சாத்தியது. அக்கெலைட்டிஸ் என்ற மருத்துவர் 1940களில் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பலருக்கு இந்தக் கோளாறு நாளடைவில் அடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு 1960களில் ரோஜர் ஸ்பெர்ரி கலிபோர்னியாவில் இத்தகையவர்களை வைத்து நடத்திய ஆய்வுகளுக்காக 1981ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வலக்கையால் ஒரு வடிவமும் இடக்கையால் வேறொரு வடிவமும் ஒரே நேரத்தில் வரைந்து பாருங்கள். ஒன்று மற்றொன்றைக் குழப்பிவிடும். வட்டம் சதுரமாகும், சதுரம் முட்டையாகும். பாலம் வெட்டப்பட்டவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை என்று 1996இல் எலிசபெத் ஃபிரான்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். அப்படியானால் பாலம் இல்லாததே நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். பழைய பழக்கங்களில் அவர்களுக்கு அதிகச் சிரமம் இல்லாவிட்டாலும், இரு கைகளும் ஒத்துழைக்க வேண்டிய புதிய வேலை ஒன்றைக் கற்றுக்கொள்வதுதான் அவர்களுக்கு மலையாக இருந்தது.

சரி, பாலத்தின் வழியாகச் செய்தி போகிறது. அது என்ன செய்தி? "நீயும் செய்" என்பதா, "நீ சும்மா இரு" என்பதா? மூளையைத் திறக்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூளையைத் திறந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1870இல் பெர்லின் நகரில் ஃப்ரிட்ச், ஹிட்சிக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் மூளைமேல் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார்கள்; எதிர்ப்புறத்துக் கால் துள்ளியது. ஆய்வுக்கூடம் இல்லாமல் ஹிட்சிக்கின் வீட்டிலேயே இதைச் செய்தார்கள் என்பார்கள். பிறகு மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட், அறுவை சிகிச்சைக்காக மண்டையைத் திறந்த நோயாளிகளிடம், அவர்கள் விழித்திருக்கும்போதே இவ்வாறு தொட்டுத் தொட்டு, கைக்கு எந்த இடம், முகத்துக்கு எந்த இடம் என்று படம் வரைந்தார். ஆனால் நல்ல உடல்நிலையில் இருப்பவரின் மண்டையை யார் திறக்கச் சம்மதிப்பார்?

1980இல் லண்டனில் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர் தலையின் தோல்மேலேயே மின்வாய்களை வைத்து, ஒரே ஒரு வலிய அதிர்ச்சியைக் கொடுத்து, கையைத் துள்ள வைத்தார்கள். மண்டையைத் திறக்காமலே மூளையைத் தொட்டாயிற்று. ஆனால் வலித்தது. எலும்பைத் துளைத்துப் போக வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி தலைத்தோலிலேயே பரவித் தசைகளை இழுத்துப் பிடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஐந்து ஆண்டு கழித்து, 1985இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அந்தோனி பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழி கண்டார்கள். வழி புதியது, அதன் அடிப்படை மிகப் பழையது. மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இலேயே கண்டுபிடித்தார். நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் பாடம் அது. பார்க்கர் செய்தது இவ்வளவுதான்: செம்புக் கம்பிச் சுருள் ஒன்றைத் தலைமேல் வைத்தார். பெரிய மின்தேக்கி ஒன்றில் சேமித்த மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிக மிகக் குறைந்த நேரத்தில் அந்தச் சுருளுக்குள் பாய்ச்சினார். ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரு மில்லிசெக்கண்டுக்குள் பாய்ந்து அடங்கும். காந்தப் புலத்துக்கு மண்டை எலும்பு ஒரு தடையே அல்ல. அது உள்ளே நுழைந்து மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். "டக்" என்று ஒரு சத்தம். தலையில் ஒரு தட்டுத் தட்டியது போன்ற உணர்வு. கை துள்ளும். வலி இல்லை, அல்லது மிகக் குறைவு.

இந்தக் கருவியைப் பற்றிக் கேட்கும்போது, மந்திரவாதி கை வைத்தது போல இருக்கிறதே என்று தோன்றலாம். அப்படி ஒன்றும் இல்லை. காந்தப் புலம் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே வலுவிழந்துவிடும். உங்கள் எண்ணத்தை அது படிக்காது. கையை ஆளும் இடம் மூளையின் மேற்பரப்பிலேயே, அதுவும் வசதியாக உச்சந்தலைக்குச் சற்றுப் பக்கத்தில் அமைந்திருப்பதுதான் இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த அதிருஷ்டம்.

இன்னொரு முறை உங்கள் கையைப் பாருங்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அழுத்திச் சேர்த்தால், இரண்டுக்கும் நடுவே புறங்கையில் ஒரு சதை புடைக்கும். ஆய்வாளர்களுக்கு மிகப் பிடித்த தசை அது. அதன்மேல் சிறு மின்வாயை ஒட்டிவைத்து, அது எப்போது, எவ்வளவு துள்ளுகிறது என்று பதிவு செய்வார்கள். தலையில் காந்தத் துடிப்புக் கொடுத்த பிறகு ஏறத்தாழ இருபது மில்லிசெக்கண்டில் அந்தத் தசை துள்ளும். மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கைக்குச் செய்தி வர அவ்வளவு நேரம் போதும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1992இல் லண்டன் குயின் ஸ்குவேரில் உள்ள நரம்பியல் கழகத்தில் ஃபெர்பர்ட், ராத்வெல், மார்ஸ்டன் முதலியோர் ஒரே ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை வைத்தார்கள். ஒன்று இடப்பக்க மூளையின்மேல். மற்றொன்று வலப்பக்க மூளையின்மேல். முதலில் ஒரு பக்கத்தில் ஒரு தட்டு. சில மில்லிசெக்கண்ட் கழித்து மறுபக்கத்தில் ஒரு தட்டு. இரண்டாவது தட்டுக்குத் தசை எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்தார்கள்.

இரண்டு தட்டுகளுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தபோது ஒன்றும் நடக்கவில்லை; துள்ளல் வழக்கம் போலவே இருந்தது. இடைவெளி ஆறு, ஏழு மில்லிசெக்கண்டைத் தாண்டியதும் துள்ளல் சுருங்கியது. பத்து மில்லிசெக்கண்ட் இடைவெளியில் பெரும்பாலும் பாதி அளவுக்கு அது குறைந்துவிடும். பாருங்கள், எவ்வளவு அழகான சான்று! முதல் தட்டு ஒரு பக்க மூளையில் செய்தியைக் கிளப்பிற்று. அந்தச் செய்தி பாலத்தைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேர அவ்வளவு நேரமாயிற்று. போய்ச் சேர்ந்து அது சொன்னதோ, "சற்றுப் பொறு" என்பது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பாலத்தைக் கடக்கும் நார்கள் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. தூண்டும் வகையைச் சேர்ந்தவை. அப்படியிருக்கத் தடை எங்கிருந்து வருகிறது? மறுகரையில் உள்ள சின்னஞ்சிறு தடை நரம்பணுக்களை அவை தூண்டிவிடுகின்றன. அந்தச் சிற்றணுக்கள்தாம் அக்கம்பக்கத்துப் பெரிய அணுக்களை அடக்குகின்றன. வெளியூரிலிருந்து வந்தவர் தாமே கதவைச் சாத்தாமல், வீட்டுக் காவல்காரரை எழுப்பிச் சாத்தச் சொல்வது போல.

செய்தி பாலத்தின் வழியாகத்தான் போகிறது, முதுகுத்தண்டு போன்ற வேறு குறுக்கு வழியில் போகவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஐயப்படுகிறவர்கள் நேயர்களில் நிச்சயம் இருப்பீர்கள். அந்த ஐயத்துக்கும் விடை உண்டு. ஒருவர் ஒரு கையை இறுக்கிப் பிடித்திருக்கும்போது, அதே பக்கத்து மூளையில் காந்தத் துடிப்புக் கொடுத்தால், அந்தப் பிடி கணநேரம் தளர்ந்து மீளும். கண்ணுக்குத் தெரியாது; கருவிக்குத் தெரியும். 1995இல் ஜெர்மனியில் மேயர் என்பவரும் அவருடைய குழுவினரும், பிறவியிலேயே இந்தப் பாலம் இல்லாதவர்களையும், பாலத்தின் ஒரு பகுதி சேதமடைந்தவர்களையும் சோதித்தார்கள். பாலம் இல்லாதவர்களிடம் அந்தத் தளர்ச்சி காணப்படவில்லை.

அந்தக் காலத்தில் இரண்டு பெண்கள் ஒரே உரலில் நெல் குத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தியின் உலக்கை விழும்போது மற்றவளின் உலக்கை மேலே நிற்கும். இவள் தூக்கும்போது அவள் போடுவாள். யாரும் யாருக்கும் வாய் திறந்து கட்டளை இடுவதில்லை. ஆனால் ஒருத்தி கணநேரம் பொறுக்கத் தவறினால் உலக்கையும் உலக்கையும் மோதும். மூளையின் இரு பாதிகளும் பரிமாறிக்கொள்ளும் "பொறு" என்ற சொல்லை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். உவமைகள் ஒரு தூரத்துக்குத்தான் துணை வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகள் எழுதப் பழகும்போது கவனித்திருப்பீர்கள். வலக்கை பென்சிலை அழுத்தி "அ" போடும்; இடக்கை விரல்களும் மேசைமேல் சேர்ந்து நெளியும். சில தாய்மார்கள் இதைக் கெட்ட பழக்கம் என்று கண்டிக்கிறார்கள். வேண்டாம். பாலமும் அதன் வழியே போகும் தடையும் இன்னும் முதிரவில்லை என்பதுதான் பொருள். பத்து வயதை ஒட்டி இது பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். பெரியவர்களான நமக்கும், இறுகிப்போன ஊறுகாய்ப் போத்தலின் மூடியை முழு பலத்தோடு திருகும்போது மறு கை விரல்கள் கொஞ்சம் இழுத்துக்கொள்ளத்தான் செய்கின்றன. இசைக்கலைஞர்களைச் சோதித்தவர்கள், அவர்களிடம் இந்தத் தடை மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதாகக் கண்டார்கள். தடை கூடுதலாக இருந்தால்தான் கை திறமையாக இருக்கும் என்று எளிதாகச் சூத்திரம் போட்டுவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதுவரை சொன்னது சும்மா இருக்கும் கையைப் பற்றி. கை அசையப் புறப்படும்போது என்ன நடக்கிறது? இதுதான் பெரியம்மா மகனின் கேள்விக்கு வேர்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார ஆய்வுக் கழகத்தில் நகாகோ முராசே, லியனார்டோ கோஹன் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சைகை வந்தவுடன் ஒரு விரலை அசைக்க வேண்டும். சைகைக்கும் அசைவுக்கும் இடையே ஒரு விநாடியில் ஒரு சிறு பங்குதான் நேரம். அந்த இடைவெளிக்குள் வெவ்வேறு கணங்களில் இரட்டைக் காந்தத் துடிப்புகளைக் கொடுத்து, சும்மா இருக்கும் பக்கம் அசையப்போகும் பக்கத்துக்கு அனுப்பும் செய்தியை அளந்தார்கள். நலமாக உள்ளவர்களிடம், சைகை வந்த தொடக்கத்தில் "பொறு" என்ற செய்தி வலுவாக இருந்தது. அசைவு நெருங்க நெருங்க அது தளர்ந்தது. கை புறப்படும் தறுவாயில் அது தடையாக இல்லாமல், ஊக்கமாகவே மாறிவிட்டது. கதவைச் சாத்திய காவல்காரரே, ஆள் வருவது கண்டு திறந்துவிடுகிறார்.

பாரிசவாதம் வந்து நாள்பட்டவர்களிடம், விழுந்த கையை அசைக்க முயலும்போது, நல்ல பக்கத்திலிருந்து வரும் "பொறு" தளரவில்லை. கடைசிக் கணம் வரை அப்படியே நின்றது. யாரிடம் அது அதிகமாக நின்றதோ, அவர்களின் கை அதிகம் தடுமாறியது.

இந்தச் செய்தி மருத்துவ உலகில் பெரிய நம்பிக்கையைக் கிளப்பிற்று. அடைப்பால் நலிந்த பாதி ஏற்கெனவே பலவீனமாக இருக்கிறது. நல்ல பாதி அதன் தலையில் இன்னும் ஏறி உட்காருகிறது. நல்ல பாதியைக் கொஞ்சம் அடக்கினால் நலிந்த பாதி மூச்சுவிடும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அடக்கவும் வழி இருந்தது. விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் பல நிமிடங்கள் காந்தத் துடிப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்த இடத்தின் துடிப்பு சற்று நேரத்துக்கு மந்தமாகும் என்று 1997இலேயே கண்டிருந்தார்கள். சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் செய்து பார்த்தபோது கை கொஞ்சம் வேகமாக அசைந்தது. பத்திரிகைகள் எழுதின. தம்பி என்னிடம் கேட்டது அந்தக் காலத்தில்தான்.

சிறு சோதனையில் கண்டது பெரிய சோதனையில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் பன்னிரண்டு மறுவாழ்வு நிலையங்கள் சேர்ந்து 199 நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டன. எல்லாருக்கும் பாரிசவாதம் வந்து மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை ஆகியிருந்தது. ஆறு வாரங்களில் பதினெட்டுத் தடவை சிகிச்சை. ஒரு பிரிவினருக்கு உண்மையான காந்தத் துடிப்பு. மற்றப் பிரிவினருக்கு உண்மையானது போலவே தோன்றும் போலிச் சிகிச்சை. இரு பிரிவினருக்கும் கைப்பயிற்சி ஒன்றுபோலவே அளிக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து அளந்தபோது, உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேர் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேர்.

இரண்டே இரண்டு வித்தியாசம். அது வித்தியாசமே அல்ல.

இந்த எண்களை இரு விதமாகப் படிக்கலாம். காந்தம் கைவிட்டது என்று படிக்கலாம். அதுவும் உண்மைதான். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன்: மூன்று மாதம் கடந்த பிறகும், ஓராண்டு நெருங்கிய பிறகும், ஒழுங்கான பயிற்சி பெற்றவர்களில் மூவரில் இருவர் தேறியிருக்கிறார்கள். "மூன்று மாதத்துக்குள் வந்ததுதான் வந்தது, இனி ஒன்றும் வராது" என்று நம் வீடுகளில் சொல்லி, நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோமே, அதற்கு இந்த எண்கள் சாட்சி சொல்லவில்லை.

கருத்தே எங்கே பிசகியது? 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு ஒரு வெளிச்சம் காட்டியது. பாரிசவாதம் வந்த முதல் வாரங்களிலிருந்தே நோயாளிகளைத் தொடர்ந்து, திரும்பத் திரும்ப அளந்து வந்தார்கள். தளராத "பொறு"தான் கையைக் கட்டிப்போட்டது என்றால், அது தொடக்கத்திலேயே காணப்பட வேண்டும். கை தேறத் தேற அது குறைய வேண்டும். நடந்ததோ தலைகீழ். முதல் வாரங்களில் அது ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. கை தேறிக்கொண்டு வந்த மாதங்களில்தான் மெல்ல மெல்ல மாறிற்று. ஆகவே 2004இல் கண்டது பொய்யல்ல. நாள்பட்டவர்களிடம் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நோய்க்குக் காரணம் என்று நினைத்தது அவசரம். குடை பிடித்தவர்கள் தெருவில் அதிகமாக இருந்தால், குடையால்தான் மழை வந்தது என்று சொல்வோமா?

நல்ல பக்கத்தை அடக்குவது எல்லாருக்கும் நல்லதுதானா என்ற கேள்வியும் உண்டு. நன்றாகத் தேறிய சில நோயாளிகளிடம், 2006இல் ஜெர்மனியில், நல்ல பக்க மூளையின் சில இடங்களைக் காந்தத்தால் கணநேரம் குழப்பிப் பார்த்தார்கள். தேறிய கை தடுமாறியது! அதாவது அந்தக் கை எழுந்து நிற்க நல்ல பக்கமும் தோள் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய சேதம் ஏற்பட்டவர்களுக்கு மறுபாதியே துணையாக இருக்கக்கூடும் என்ற கருத்தை இன்று பலர் ஏற்கிறார்கள். துணைக்கு வந்தவரை எதிரி என்று எண்ணிக் கட்டிப்போடுவது எந்த வீட்டில் நல்லது?

காந்தச் சிகிச்சையே பயனற்றது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வு நோய்க்கு அது 2008 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை. விழுந்த கைக்கும் வேறு முறைகளில் அதைப் பயன்படுத்தும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவருக்காக யாரேனும் பெருந்தொகை கேட்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூளையின் எந்தப் பக்கத்துக்கு, ஏன்? கூடவே கைப்பயிற்சி உண்டா? நோயாளிக்கு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள்ளோ நெஞ்சிலோ உலோகக் கருவி ஏதும் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று அவர்கள் உங்களைக் கேட்டார்களா? மூன்றாவதைக் கேட்காத இடத்தில் ஒரு நிமிடம்கூட உட்கார வேண்டாம். ஏனென்றால் அத்தகையவர்களுக்கு இந்தக் கருவி ஆபத்தாக முடியலாம்.

பயிற்சி என்றேனே, அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நல்ல கைக்கு உறை போட்டுவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி விழுந்த கையாலேயே வேலை செய்ய வைக்கும் முறை ஒன்று உண்டு. 222 நோயாளிகளிடம் சோதித்து, 2006இல் அதன் பயனைக் காட்டினார்கள். காந்தத்தால் மூளையைச் சும்மா இருக்கச் சொல்வதற்கும், உறையால் கையைச் சும்மா இருக்கச் சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! உறையில் விழுந்த கை வேலை செய்தாக வேண்டியிருக்கிறது. ஆனால் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். அசைவே இல்லாத கைக்கு இதைச் செய்தால் நோயாளிக்குக் கோபம்தான் வரும்.

பெரியம்மாவுக்குக் காந்தச் சிகிச்சை செய்யவில்லை. பணமும் இல்லை, நானும் துணிந்து சொல்லவில்லை. பயிற்சியாளர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்தார். மற்ற நாள்களில் மருமகள் ஒரு தட்டில் புளியங்கொட்டைகளைப் போட்டு, வலக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்வாள். பெரியம்மா திட்டிக்கொண்டே போடுவார். முதல் மாதம் ஒரு கொட்டைகூடக் கிண்ணத்தில் விழவில்லை.

மூன்றாவது ஆண்டுப் பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். வேலைகள் கை மாறியிருந்தன. முன்பு முடிச்சுப் போட்ட வலக்கை இப்போது பூவை அமுக்கிப் பிடித்திருந்தது. முன்பு பூப் பிடித்த இடக்கை முடிச்சைக் கற்றுக்கொண்டிருந்தது. நார் வழக்கம் போலக் கால் பெருவிரலில். சரம் அங்கங்கே இடைவெளி விட்டிருந்தது. சந்தையில் விலை போகாது என்று அவரே சொன்னார். சாமி படத்துக்குப் போடலாம் என்றும் சொன்னார். ஒரு முழம் கட்ட அரைமணி நேரமாயிற்று. நான் உதவிக்குக் கை நீட்டினேன். "நீ சும்மா இரு" என்றார்.